ஈரமும் குளிரும்: 24 டிகிரியில் உடம்பு ஏன் நடுங்குகிறது?

தைப்பூசத்திற்குப் பத்துமலைக்குப் போய் வந்தவர்களுக்கு இது தெரியும். விடியற்காலை மூன்று மணி. ஆற்றங்கரையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, மஞ்சள் துணியோடு சொட்டச் சொட்ட வரிசையில் நிற்கும்போது பற்கள் ஒன்றோடொன்று மோதும். "அப்பாடா, என்னா குளிரு!" என்று பக்கத்தில் நிற்பவர் கைகளைக் கட்டிக்கொள்வார். அவரே காலை பத்து மணிக்கு 272 படிகளையும் ஏறி இறங்கி வந்து, "என்னா வெக்கை, உயிர் போவுது!" என்று துண்டால் விசிறிக்கொள்வார்.

அந்த விடியற்காலையில் பத்துமலையில் எத்தனை டிகிரி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் 23 அல்லது 24 டிகிரி செல்சியஸ். டில்லிக்காரர் ஒருவர் சனவரி மாதத்தில் இங்கே வந்தால் சட்டையைக் கழற்றிவிட்டுக் காற்று வாங்குவார். அப்படியிருக்க நமக்கு மட்டும் ஏன் நடுங்குகிறது? "நம்ம உடம்பு இந்த ஊருக்குப் பழகிப் போச்சு" என்று சொல்வது பாதி உண்மைதான். மீதிப் பாதி காற்றில் இருக்கும் ஈரத்திலும், நம் உடம்பின் மேல் இருக்கும் ஈரத்திலும் இருக்கிறது. இந்த இரண்டு ஈரமும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பல தவறுகள் செய்கிறோம். சில தவறுகள் உயிருக்கே வினையாகிவிடுகின்றன. அதனால்தான் இந்த இதழில் இதை எடுத்துக்கொண்டோம்.

முதலில் ஒரு விஷயம். நம் தோலுக்குக் காற்றின் சூடு தெரியாது. தோலுக்குத் தன் சூடுதான் தெரியும். உடம்பின் உள்ளே 37 டிகிரி. வெளித்தோலில் சுமார் 33 டிகிரி. தோல் அந்த அளவில் இருந்தால் சுகமாக இருக்கிறது என்கிறோம். அதிலிருந்து இறங்கினால் குளிர். எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறதோ அவ்வளவு கடுங்குளிர். ஆகவே எத்தனை டிகிரி என்பதை மட்டும் கேட்டால் போதாது. தோலிலிருந்து சூடு எவ்வளவு வேகத்தில் போகிறது என்றும் கேட்க வேண்டும்.

சூட்டை மிக வேகமாகக் கொண்டு போவது எது? தண்ணீர் ஆவியாவதுதான். ஒரு லிட்டர் தண்ணீர் தோலின் மேல் ஆவியாக வேண்டுமானால் சுமார் 580 கிலோகலோரி சூடு வேண்டும். இது எவ்வளவு என்று அடுப்படிக் கணக்கில் சொல்கிறேன். குழாய்த் தண்ணீர் எட்டு லிட்டரை அடுப்பில் வைத்துக் கொதிக்க வைக்க எவ்வளவு சூடு வேண்டுமோ, ஏறக்குறைய அவ்வளவு. நனைந்த சட்டையும் கால்சட்டையும் சாதாரணமாக அரை லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதை உடம்பிலேயே போட்டுக் காய வைத்தால் 290 கிலோகலோரி செலவு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் உடம்பு ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் சூடு எழுபது எண்பது கிலோகலோரிதான். அதாவது நான்கு மணி நேரம் உடம்பு சம்பாதித்த சூட்டை ஒரு ஜோடித் துணி தின்றுவிடும். எல்லாச் சூடும் உடம்பிலிருந்தே போவதில்லை. சுற்றியுள்ள காற்றும் ஒரு பங்கு கொடுக்கிறது. அப்படியிருந்தும் "மேல்லயே காஞ்சிடும், விடு" என்று சொல்வது எவ்வளவு பெரிய செலவு என்று பாருங்கள்.

இனி காற்றின் ஈரத்துக்கு வருவோம். வானிலை அறிக்கையில் "ஈரப்பதம் 95 சதவீதம்" என்று சொல்கிறார்களே, அதைக் கேட்டுக் காற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தச் சூட்டில் காற்று அதிகபட்சம் எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதில் எத்தனை பங்கு நிறைந்திருக்கிறது என்பதுதான் அந்தக் கணக்கு. சூடான காற்று பெரிய வாளி. குளிர்ந்த காற்று சின்ன வாளி. ஒரு கன மீட்டர் காற்று, அதாவது நீளம் அகலம் உயரம் மூன்றும் ஒரு மீட்டர் உள்ள ஒரு பெட்டிக் காற்று, 33 டிகிரியில் ஏறத்தாழ 36 கிராம் நீராவி பிடிக்கும். 24 டிகிரியில் 22 கிராம். 10 டிகிரியில் ஒன்பது கிராம் சொச்சம். 0 டிகிரியில் ஐந்து கிராம்கூட இல்லை.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் விடியற்காலை 24 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம் என்று வையுங்கள். காற்றில் சுமார் 21 கிராம் தண்ணீர். மதியம் 33 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். கணக்குப் போட்டால் அப்போதும் 21 கிராம்தான்! காலையில் "பனி கொட்டுது" என்கிறோம், மதியம் "காஞ்சு கிடக்கு" என்கிறோம். தண்ணீர் அதேதான். வாளிதான் பெரிதாகிச் சிறிதாகிறது. விடியற்காலையில் காடே நனைந்து கிடப்பதற்கும் இதுதான் காரணம். வாளி சுருங்கியதும் மிச்சத் தண்ணீர் இலையிலும் புல்லிலும் தகரக் கூரையிலும் படிகிறது. லயத்து வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு நினைவிருக்கும்: மேகமில்லாத இரவில் தகரக் கூரை வானத்தைப் பார்த்துத் தன் சூட்டை விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோய், உட்புறமாகவே முத்து முத்தாக வியர்க்கும். நாலு மணிக்கு ஒரு சொட்டு முகத்தில் விழுந்து எழுந்தவர்கள் எத்தனை பேர்! மழை பெய்ததோ என்று வெளியே போய்ப் பார்த்தால் வானம் நட்சத்திரமாக இருக்கும்.

சரி, காற்றில் ஈரம் அதிகமானால் குளிர் அதிகமாகுமா? நம் ஊர்ச் சூட்டில், காய்ந்த துணி போட்டிருக்கும் ஆளுக்கு, அதிகமாகாது. குறையத்தான் செய்யும். ஏனென்றால் காற்று ஏற்கெனவே நிறைந்திருந்தால் தோலிலிருந்து ஈரம் போவது மெதுவாகும். சூடும் மெதுவாகத்தான் போகும். மதியத்தில் இதையே புழுக்கம் என்று திட்டுகிறோம். விடியற்காலையில் அதே புழுக்கம் நமக்கு ஒரு போர்வை.

அந்தப் போர்வை எங்கே பறிபோகிறது தெரியுமா? குளிர்சாதன அறையில். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய தொழிலாளிக்குத் தோட்டத்துப் பனியைவிட இதுதான் பெரிய குளிர்.

காப்பாரிலோ பந்திங்கிலோ கேரித் தீவிலோ செம்பனைக் குலை வெட்டிவிட்டு, சட்டை முழுவதும் வியர்வையோடு ஒருவர் கிள்ளானுக்கு வந்து கொமுட்டர் ரயில் ஏறுகிறார். பிரிக்பீல்ட்ஸில் சாமான் வாங்க வேண்டும். ரயில் பெட்டிக்குள் 22 டிகிரி. காலையில் பெரட்டுக்கு நின்றபோது இருந்த 24-க்கும் இதற்கும் இரண்டே டிகிரி வித்தியாசம். ஆனால் கால் மணி நேரத்தில் முதுகு சில்லிட்டுத் தோள் இறுகிவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டி காற்றைக் குளிரவைப்பதோடு, அதிலுள்ள தண்ணீரையும் பிழிந்து எடுத்துவிடுகிறது. கடைகளுக்குப் பின்னால் குழாயில் சொட்டுச் சொட்டாக வடிகிறதே, அது அறைக்குள் இருந்த காற்றின் ஈரம். 22 டிகிரியில் ஈரப்பதம் 55 சதவீதம் என்றால் காற்றில் 11 கிராம் தண்ணீர்கூட இல்லை. வெளியில் இருந்ததில் பாதி. ஈரச் சட்டையைப் பார்த்ததும் அந்தக் காற்று விடாய் பிடித்த மாடு தொட்டியைப் பார்த்ததுபோல் உறிஞ்சும். தோலின் ஈரம் வெளியில் காய்வதைவிட இங்கே ஒன்றரை மடங்குக்கு மேல் வேகமாகக் காயும். சூடும் அதே வேகத்தில் போகும்.

இதற்கு வைத்தியம் ஒரு வெள்ளிகூடச் செலவில்லாதது. பையில் ஒரு காய்ந்த பனியன் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் ஏறுமுன், கிளினிக்குக்குள் நுழையுமுன், தொழிற்சாலைக் கதவைத் தாண்டுமுன், ஈரச் சட்டையைக் கழற்றி உடம்பைத் துடைத்து அதைப் போட்டுக்கொள்ளுங்கள். மேலே ஒரு தடித்த சட்டை போட்டுக்கொள்வது போதாது. அடியில் ஈரம் இருந்தால் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். "பொது இடத்தில எப்படி சட்டைய மாத்துறது?" என்று பெண்கள் கேட்பது நியாயம். வேலைக் களத்தில் துணி மாற்ற ஓர் அறை, கதவும் தாழ்ப்பாளும் உள்ள அறை, கேட்பது ஆடம்பரம் அல்ல. தொழிலிட பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994-இல் வந்தது. தொழிலாளியின் உடல்நலத்துக்கு ஏற்ற வேலைச் சூழலை அமைத்துத் தரும் பொறுப்பு முதலாளிக்கு உண்டு என்பது அதன் அடிப்படை. கிளைக் கூட்டத்தில் இதைப் பேசலாம்.

மோட்டார் சைக்கிள் விஷயம் இன்னும் மோசம். மழையில் நனைந்துகொண்டு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு, நனைந்த துணியும் காற்றும் சேர்ந்துகொள்கின்றன. உடம்பைச் சுற்றி நாமே சூடாக்கி வைத்திருக்கும் மெல்லிய காற்றுப் படலத்தைக் காற்று அள்ளிக்கொண்டு போகும். புதுக் காற்று வந்து ஈரத்தை உறிஞ்சும். அரைமணி ஓட்டத்தில் விரல் மரத்து, பிரேக்கை அழுத்துவதில் தாமதம் ஏற்படும். குளிரால் வரும் கேட்டில் இதுதான் முதலாவது: சளி அல்ல, விபத்து. பிளாஸ்டிக் மழைச்சட்டை மழையைத் தடுப்பதோடு காற்றையும் தடுக்கிறது, ஈரம் ஆவியாவதையும் தடுக்கிறது. ஏற்கெனவே நனைந்துவிட்டாலும்கூட அதைப் போட்டுக்கொள்வது நல்லது. "நனைஞ்சாச்சு, இனிமே எதுக்கு?" என்று சுருட்டி வைக்க வேண்டாம்.

காற்று வேகத்தால் குளிர் கூடுவதை முதலில் முறையாக அளந்தவர்கள் தென்துருவத்தில் இருந்த இரண்டு அமெரிக்கர்கள், சைப்பிள், பாசெல் என்பவர்கள். 1941-இல் தண்ணீர் நிரப்பிய குப்பி காற்றில் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்த்துக் கணக்குப் போட்டு, 1945-இல் வெளியிட்டார்கள். அந்தக் கணக்கில் ஈரப்பதத்திற்கு இடமே இல்லை. 2001-இல் அமெரிக்காவும் கனடாவும் திருத்திய புதுக் கணக்கிலும் இல்லை. ஆனால் வெப்பத்துக்கு 1979-இல் ஸ்டெட்மன் என்பவர் போட்ட கணக்கில் ஈரப்பதம் முக்கிய இடம் பெறுகிறது. ஏன் இந்த வித்தியாசம்? சின்ன வாளிக் கதையை நினைத்துப் பாருங்கள். கடுங்குளிரில் காற்று நிறைந்திருந்தாலும் அதிலுள்ள தண்ணீர் மிகக் கொஞ்சம். 10 டிகிரியில் ஒரு பெட்டிக் காற்றின் எடை சுமார் ஒன்றேகால் கிலோ. அதில் ஈரக் காற்றுக்கும் பாதி காய்ந்த காற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து கிராம்கூட இல்லை. அந்த ஐந்து கிராம் நம் உடம்பிலிருந்து சூட்டைப் பிடுங்கிவிடப் போவதில்லை.

அப்படியானால் கேமரன் மலைக்குப் போனவர்கள் "அங்க ஈரக் குளிரு, எலும்பத் துளைக்குது" என்று சொல்வது பொய்யா? பொய் இல்லை. அவர்கள் உணர்வது உண்மை, காரணம்தான் வேறு.

கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்கள் 1929-இல் போ தோட்டம் தொடங்கியதிலிருந்து நம்மவர்களின் உழைப்பில் வளர்ந்தவை. மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அங்கேதான்: 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி 7.8 டிகிரி. ஆனால் சாதாரண நாட்களில் அங்கே இரவுக் குளிர் பதினைந்து பதினாறு டிகிரிதான். அது எலும்பைத் துளைப்பதற்கு முதற்காரணம் வெயில் இல்லாமை. மேகமும் மூடுபனியும் சூரியனை மறைத்துவிடுகின்றன. வெயில் முகத்தில் பட்டால் காற்று குளிர்ந்திருந்தாலும் குளிர் தெரியாது. அடுத்தது துணி. நம் பருத்தித் துணி காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே குடிக்கும். ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும்போதே தன் எடையில் சுமார் எட்டு சதவீதம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மூடுபனியில் இன்னும் அதிகம். படுக்கை, தலையணை, போர்வை எல்லாம் தொட்டால் சில்லென்று இருப்பது இதனால்தான். துணி நமக்குச் சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்கு நடுவில் அடைபட்டிருக்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. அந்த இடத்தில் காற்றுக்குப் பதில் தண்ணீர் புகுந்தால், தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாகச் சூட்டைக் கடத்தும்.

இலங்கை மலையகத்தில் கொழுந்து பறித்த நம் சொந்தங்கள் தலையிலும் முதுகிலும் முரட்டுக் கம்பளியைப் போட்டுக்கொண்டு மழையில் நின்றார்களே, அது சரியான அறிவு. கம்பளி ஆட்டு உரோமம். பருத்தியைவிட அதிகமாகவே ஈரத்தை உறிஞ்சும், ஆனால் சுருண்ட இழை சப்பையாகிவிடாமல் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும்போது கம்பளி கொஞ்சம் சூட்டையும் வெளிவிடும். ஆகவே கேமரனுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் மூன்று பருத்திச் சட்டைக்குப் பதில் ஒரு கம்பளிச் சட்டை எடுத்துப் போங்கள். போர்வையை, வெயில் அடிக்கும் ஒரு மணி நேரம் கிடைத்தாலும் வெளியே போட்டு எடுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அறைக்குள் கரியடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, மயக்கம், அவ்வளவுதான். தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார்.

மலைக்குப் போகாமலேயே குளிரில் அகப்பட்டவர்களும் உண்டு. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி சா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் ஏறியதை மறந்திருக்க மாட்டோம். கீழ்மாடி மூழ்கி, மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் நனைந்த துணியோடு இரவைக் கழித்தார்கள். உணவு இல்லை, விளக்கு இல்லை. காற்று இருபத்து மூன்று டிகிரிக்குக் கீழே போகாவிட்டாலும், பல மணி நேரம் நனைந்து பசியோடு இருக்கும் முதியவருக்கும் குழந்தைக்கும் உடம்பின் உட்சூடு இறங்கலாம். 35 டிகிரிக்குக் கீழே உட்சூடு இறங்கிவிட்டால் அது ஆபத்து. பேச்சு குழறும், தள்ளாடும், எதிலும் அக்கறை இருக்காது, கடைசியில் நடுக்கமும் நின்றுவிடும். நடுக்கம் நின்றதும் "பாட்டிக்குக் குளிர் விட்டுப்போச்சு" என்று நினைத்துவிடக் கூடாது. நடுங்குவதற்கும் உடம்பில் பலம் வேண்டும். அந்தப் பலம் தீர்ந்திருக்கலாம்.

அப்படி ஒரு நிலையில் என்ன செய்வது? ஈரத் துணியை முதலில் அகற்றுங்கள். மாற்றுத் துணி இல்லையென்றால் நன்றாகப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். அதன் மேல் குப்பைப் பைபோன்ற பெரிய பிளாஸ்டிக்கில் தலையும் கையும் வர ஓட்டை போட்டு மாட்டுங்கள். பிளாஸ்டிக்குக்குள் காற்று சீக்கிரமே நிறைந்து ஈரப்பதம் நூறாகிவிடும், அதற்கு மேல் தண்ணீர் ஆவியாக முடியாது, சூடு போவதும் குறையும். காலையில் சொன்ன அந்தப் புழுக்கப் போர்வையை நாமே செய்துகொள்கிறோம். தலையை மூடுங்கள். ஒருவரோடு ஒருவர் ஒட்டி உட்காருங்கள். நினைவோடு இருப்பவருக்குச் சர்க்கரை போட்ட சூடான தேநீர் கொடுங்கள்.

சாராயம் கொடுக்காதீர்கள். "குளிருக்கு ஒரு கிளாஸ் போட்டா கதகதன்னு இருக்கும்ணே" என்று சொல்வார்கள். கதகதப்பு உண்மைதான். சம்சு உள்ளே போனதும் தோலுக்கடியில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. உள்ளே இருக்க வேண்டிய சூட்டு இரத்தம் வெளியே வருகிறது. தோல் சூடாகிறது, ஆளுக்குச் சுகமாக இருக்கிறது. உள்ளே இருந்த சூடு வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் அந்தச் சுகத்தின் பொருள். குடித்துவிட்டு மழையில் கால்வாய் ஓரம் விழுந்து கிடப்பவருக்கு நேர்வதும் இதுதான். இந்தப் பழக்கத்தைப் பற்றித் தோட்டப்புறங்களில் பேசாத ஆள் இல்லை. குளிரைச் சாக்காகச் சொல்வதையாவது நிறுத்தலாம்.

இதுவரை சொன்னது வெளியிலிருந்து வரும் குளிர். உள்ளிருந்து வரும் குளிர் ஒன்று உண்டு. அதைத்தான் நம் பாட்டன் பாட்டிகள் குளிர்காய்ச்சல் என்றார்கள். கிள்ளானுக்கு இதில் ஒரு பழைய சரித்திரம் இருக்கிறது.

1901-இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். அந்த ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களுக்குள் கூலிகளும் உத்தியோகத்தர்களும் நடுங்கி விழத் தொடங்கினார்கள். சதுப்பு நிலத்தின் ஈரக் காற்றும் இரவுப் பனியும்தான் இந்தக் காய்ச்சலைத் தருகின்றன என்பது உலகம் முழுவதும் இருந்த பழைய நம்பிக்கை. மலேரியா என்ற பெயருக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்று பொருள். ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1897-இல், இந்தியாவில் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டுபிடித்திருந்தார். வாட்சன் அதை நம்பினார். சதுப்பை வடித்து, காட்டை வெட்டி, கால்வாய் தோண்டச் செய்தார். அடுத்த ஆண்டே கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. ஈரக் காற்று அப்படியேதான் இருந்தது. விடியற்காலைப் பனியும் அப்படியேதான் கொட்டியது. கொசு போனது, நடுக்கமும் போனது. அந்தக் கால்வாய்களைத் தோண்டிய கைகளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்று அந்த மலேரியா நம் பக்கத்தில் அரிது. மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசுவால் பரவும் மலேரியா 2018-இல் மலேசியாவுக்குள் ஒருவருக்குக்கூட உண்டானதாகப் பதிவில்லை. குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் மலேரியா மட்டும் காட்டோரம் வேலை செய்பவர்களுக்கு இன்னும் வருகிறது. ஆனால் நடுக்கத்தோடு வரும் காய்ச்சல்கள் வேறு இரண்டு நம்மைச் சுற்றியே இருக்கின்றன: டெங்கி, எலிச்சிறுநீர்க் காய்ச்சல்.

காய்ச்சல் ஏறும்போது ஏன் குளிர்கிறது? மூளையில் ஒரு அளவுகோல் உண்டு. சாதாரணமாக அது 37-இல் நிற்கும். கிருமி நுழைந்ததும் உடம்பே அதை 39-க்கு ஏற்றி வைக்கிறது. இப்போது 37-இல் இருக்கும் உடம்பு தன்னைக் குளிர்ந்துபோனதாக நினைத்துக்கொள்கிறது. தோலுக்கு இரத்தத்தை நிறுத்துகிறது, தசைகளை ஆட்டிச் சூடு உண்டாக்குகிறது. மதியம் ஒரு மணிக்கு 33 டிகிரி வெயிலிலும் போர்வை கேட்கும். ஆகவே இதை நினைவில் வையுங்கள்: காய்ந்த துணி போட்டு, காற்றில்லாத இடத்தில், அரைமணி நேரம் ஆகியும் நடுக்கம் நிற்கவில்லையென்றால் அது மழையில் நனைந்த குளிர் அல்ல. "நேத்து மழையில நனைஞ்சேன், அதான்" என்று இரண்டு நாள் தள்ளிப்போடாதீர்கள். நனைந்ததும் உண்மையாக இருக்கலாம், கொசு கடித்ததும் உண்மையாக இருக்கலாம்.

டெங்கியில் இன்னொரு குளிர் வருகிறது. தாய்மார்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். சிலருக்கு அந்த நேரத்தில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து இரத்த ஓட்டம் குறையும். நெற்றி சுடாது, கையும் காலும் சில்லிட்டு, தொட்டால் பிசுபிசுவென்று ஈரமாக இருக்கும். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், சிறுநீர் குறைவது, பிள்ளை சோர்ந்து படுத்தே கிடப்பது, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் போதும், அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. இரவு என்று பார்க்க வேண்டாம். "காச்சல் விட்டு உடம்பு குளிர்ந்துடுச்சி, தூங்கட்டும்" என்று கம்பளி போர்த்திப் படுக்கவைத்த வீடுகளில் விடியும்போது அழுகை கேட்டிருக்கிறது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரினும் வலி மாத்திரைகளும் இரத்தக் கசிவை அதிகமாக்கும். மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள்.

கைக்குழந்தையைப் பற்றியும் கேட்கிறார்கள். குளித்து முடித்த குழந்தைதான் வீட்டிலேயே அதிகம் குளிருகிற ஆள். சின்ன உடம்பு, பெரிய தலை, மேலெல்லாம் தண்ணீர். விசிறியை நிறுத்தி, தலையை முதலில் துடைத்து, உடனே காய்ந்த துணியில் சுற்றுங்கள். துடைத்த துணியிலேயே சுற்றி வைக்காதீர்கள், அது ஈரத் துணி. தலை காயட்டும் என்று சாம்பிராணிப் புகை போடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். முடியை உலர்த்துவது துண்டே போதுமான வேலை. புகை பச்சைக் குழந்தையின் நுரையீரலுக்கு ஆகாது, இழுப்பு உள்ள வீட்டில் அறவே ஆகாது. மனசு கேட்கவில்லையென்றால் சாமி அறையில் போடுங்கள், குழந்தையை வேறு அறையில் வையுங்கள். அதேபோல் நடுப்பகலில் குல்லாவும் காலுறையும் மாட்டி மூன்று துணியில் சுற்றுவதும் வேண்டாம். பிடரியில் கை வைத்துப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியை எடுத்துவிடலாம்.

எலிச்சிறுநீர்க் காய்ச்சலுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எலி சிறுநீர் கலந்த சேற்றிலும் தேங்கிய நீரிலும் அந்தக் கிருமி இருக்கும். காலில் உள்ள சின்ன வெட்டு வழியாக உள்ளே போகும். வெள்ளம் வடிந்த வீட்டைக் கழுவும்போதும், செம்பனைக் காட்டில் தேங்கிய தண்ணீரில் நடக்கும்போதும் பூட்ஸ் அவசியம். நடுக்கத்தோடு காய்ச்சல், கெண்டைக்கால் சதையில் கடும் வலி, கண் சிவப்பது இதன் அடையாளம். ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும். விட்டுவிட்டால் சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கும். கிளினிக்குக்குப் போகும்போது "டாக்டர், காச்சல்" என்று மட்டும் சொல்லி நிற்காதீர்கள். என்ன வேலை, எந்தத் தோட்டம், எத்தனை நாளாகச் சேற்றில் நின்றீர்கள், காலில் புண் உண்டா, எலி நடமாட்டம் உண்டா என்பதையும் சொல்லுங்கள். பட்டணத்து மருத்துவர் கேட்காமல் விட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அதைக் கேட்டால்தான் அந்த இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார்.